பல் டாக்டர் குடுத்த லென்ஸ்

ஏனுங்க அம்மிணி, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கலாமுங்களா? புழுங்கும், தெரியுது. ஆனா கிணத்துக்கடவு தாண்டற வரைக்கும் ரோட்டு வேலை நடக்குது, புழுதி அப்படியே உள்ள ஏறுது. எனக்கில்லீங்க. என்ற மடியில இருக்கற இந்தப் பைக்கு. உள்ள லென்ஸ் இருக்குது. கேமரா மூஞ்சியில மாட்டுவாங்கல்ல, அது.

நெம்பத் தேங்க்ஸுங்க. கோயமுத்தூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் உக்கடத்துலதான் எறங்கோணும்.

எனக்குத் தூசின்னா ஆகாதுங்க. சொன்னா சிரிப்பீங்க, ஏன்னா நான் பொறந்து வளந்து நாப்பத்தாறு வருசமா உக்காந்திருக்கறதே தூசிக்குள்ளதான். பொள்ளாச்சி பக்கத்துல எங்களுக்கு நார் மில்லு. தேங்கா மட்டையை மிஷின்ல போட்டா நாரு ஒரு பக்கம் விழுகும், தூளு எல்லாப் பக்கமும் விழுகும். சோத்துல தூளு, தலகாணியில தூளு, சாமி படத்துல சாமி மூஞ்சி தெரியாது. என்ற அண்ணன் வேலுச்சாமி மிஷினைப் பாத்துக்குவாரு, நான் கணக்கு எழுதுவேன். கல்யாணம் ஆகல. எங்கப்பா இருந்தப்ப மாப்பிள்ளை பாத்தாங்க, பாத்தாங்க, பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் அவுங்க பாக்கறதை நிறுத்திட்டாங்க, நானும் எட்டிப் பாக்கறதை நிறுத்திட்டேன். அதை விடுங்க, அது கதையில்ல. கதை தூசி.

மட்டைக் குவியல்ல ஒரு சிலந்தி இருக்கும் அம்மிணி. வலை கட்டாது. குதிக்கும். அரிசி மணி சைஸுதான், ஆனா நம்மளை நிமிந்து பாக்கும். நிசமாவே திரும்பிப் பாக்கும்! கணக்கு எழுதற மேசைக்கே வந்து பேனா நுனியைப் பாத்துட்டு நிக்கும். அதைப் போன்ல போட்டோ எடுத்தா எறும்பு செத்துக் கெடக்கற மாதிரி வருது. அண்ணன் ஒரு கேமரா வாங்கிப் பீரோவுல பூட்டி வெச்சிருந்தாரு, அதை எடுத்தேன். சின்னதைப் பெருசாக் காட்டறதுக்குன்னு தனியா ஒரு லென்ஸ் இருக்குது, அது வேணும்னு கேமராக் கடையில சொன்னாங்க. புதுசு ஆனை வெலை. பழசு ஒண்ணு கோயமுத்தூர்ல விக்கறதா போன்ல விளம்பரம் பாத்தேன். விக்கறவரு ஒரு பல் டாக்டர்.

ஆமாங்க, பல் டாக்டர்! அவுங்களுக்கு எதுக்கு லென்ஸுன்னு நானும் கேட்டேன். பல்லைப் போட்டோ எடுக்கறதுக்காம். சொத்தைக்கு முன்னால, சொத்தைக்குப் பின்னால. டாக்டர் தேவசகாயம்னு பேரு. ஊரு மார்த்தாண்டம். கோயமுத்தூர்ல காட்டூர் பக்கம் கிளினிக். சம்சாரம் தவறிப் பல வருசமாச்சு, பிள்ளை குட்டி கிடையாது. இதெல்லாம் நான் விசாரிக்கலீங்க, அவருகிட்ட வேலை செய்யற ஸ்டெல்லாப் பொண்ணு தானா சொன்னது. நான் ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்.

லென்ஸு பார்சல்ல வந்துச்சு. மாட்டி எடுத்தா, ஐயோ அம்மிணி, சிலந்திக்குக் கண்ணு எட்டுங்க! முன்னால ரெண்டு பெருசு, கார் லைட்டு மாதிரி. மீசையில மயிரு ஒவ்வொண்ணாத் தெரியுது. நான் மட்டைக் குவியல் மேல உக்காந்து கத்துன கத்துல வேலையாளுக பாம்புன்னு ஓடி வந்துட்டாங்க.

அதோட நான் சும்மா இருந்திருக்கோணும். ராத்திரி டியூப் லைட்டுக்கு நேரா லென்ஸைத் தூக்கிப் புடிச்சுப் பாத்தேன். உள்ளார, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, தூசி! வெளிய இருந்தாத் தொடைக்கலாம். உள்ள இருக்குதே! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். விடிஞ்சதும் போனைப் போட்டேன்.

"டாக்டர், நீங்க குடுத்த லென்ஸுல தூசி இருக்குது."

"இருக்கும்."

"இருக்குமா?"

"எல்லா லென்ஸுலயும் இருக்கும் மேடம். முன்னும் பின்னும் நீட்டும்போது காத்தை இழுக்கும், காத்தோட தூசியும் போகும். போட்டோவுல தெரியுதா?"

"அது வேற விசயமுங்க."

"அதுதானே விசயம்?"

பாத்தீங்களா பேச்சை! நான் அன்னைக்கே இதே பஸ்சுல ஏறிட்டேன்.

கிளினிக்குல ஸ்டெல்லா எனக்கு டோக்கன் குடுத்து உக்கார வெச்சுட்டா. சுத்திலும் கன்னம் வீங்கினவங்க. பக்கத்துல இருந்த பாட்டையா கேட்டாரு, "கடவாப் பல்லா அம்மிணி?" "பல்லு இல்லீங்க, தூசி"ன்னேன். "தூசியா? எங்க?" "உள்ள." பாவம், அவரு என்ற வாயையே பாத்துட்டு இருந்தாரு.

டாக்டர் ஆளு ஒசரம். கிருதாவுல நரை. மாஸ்க்கு போட்டிருந்தாரா, கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. சிரிச்சா அந்தக் கண்ணே சிரிக்கும். லென்ஸை வாங்கி, பல்லுக்கு வெளிச்சம் அடிக்கற பெரிய லைட்டுக்குக் கீழ புடிச்சாரு. வாய்க்குள்ள விட்டுப் பாக்கற குட்டிக் கண்ணாடியை எடுத்து அந்தப் பக்கமும் பாத்தாரு. "ஆமா, இருக்கு. அழகா இருக்கு"ன்னாரு.

"தூசி அழகா?"

"கோவப்படாதீங்க. நீங்க எடுத்த படம் ஒண்ணு காட்டுங்க."

காட்டினேன். பல் எக்ஸ்ரே பாக்கற டி.வி.யில அதைப் போட்டாரு. சொவரு அகலத்துக்குச் சிலந்தி! அவரு கிட்டக்க போனாரு. மாஸ்க்கைக் கழட்டினாரு. "இந்த மீசை... இதை நீங்களா எடுத்தீங்க?" ஸ்டெல்லா வந்துட்டா, கன்னம் வீங்கினவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க, பாட்டையா கண்ணை எண்ணறாரு. "எட்டு! எட்டு!"ன்னு அவருக்கு ஒரே சந்தோசம்.

"சரி, இதுல தூசி எங்க இருக்குன்னு காட்டுங்க"ன்னாரு டாக்டர்.

மூலை மூலையாத் தேடினேன் அம்மிணி. ஒண்ணும் இல்ல. லென்ஸுக்குள்ள இருக்கற தூசி கேமராவோட கண்ணுக்கு அவ்வளவு கிட்டக்க இருக்குது, அதனால அது படத்துல விழுகாதாம். பல்லியே ஒட்டிட்டு இருந்தாக்கூடத் தெரியறது கஷ்டமாம். வெயிலுக்கு நேரா எடுத்தா மட்டும் எப்பவாச்சும் லேசா மங்குமாம். "வாய்க்குள்ள கிருமி இல்லாத மனுசன் கிடையாது, கேட்டீங்களா. அதுக்காக யாரும் திங்காம இருக்காவளா?"ன்னாரு.

"இப்பத் தெரியல. ஒரு நாளைக்குத் தெரியும்"னேன் நான்.

"அப்ப குடுத்துட்டுப் போங்க, நானே திரும்ப எடுத்துக்கிடுதேன்"னு கையை நீட்டினாரு. நான் வெடுக்குனு புடுங்கிப் பையில போட்டுட்டேன். அதெப்படிங்க குடுக்கறது? தூசி இருக்கறது உண்மைதானே. அந்த உண்மையை அவரு ஒத்துக்கோணுமில்ல? பொருளைத் திருப்பிக் குடுத்துட்டா அப்புறம் எதை வெச்சு நியாயம் கேக்கறது?

அதனால போனேன். அடுத்த மாசம் போனேன். அதுக்கு அடுத்த மாசமும் போனேன். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு தூசி இருக்குமுங்க, இல்லாமப் போகல. புதுப் படமும் கொண்டு போவேன், டெஸ்டுக்கு. அவரு டி.வி.யில போடுவாரு, நாங்க ரெண்டு பேரும் தூசி தேடுவோம். கெடைக்காது. அவரு டீ சொல்லுவாரு. நான் எளநி கொண்டு போவேன். சண்டைக்குப் போனாலும் கை வீசிட்டுப் போகக்கூடாதில்லீங்களா? ஒருக்கா பலாப்பழம் கொண்டு போனேன். பல் கிளினிக் பூரா மணக்குது. ஸ்டெல்லா சொல்றா, "அக்கா, நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் டாக்டர் மத்தியானமும் ஒருக்கா ஷேவ் பண்றாரு"ன்னு. "பல்லு பாக்கறவங்க சுத்தமா இருக்கோணும் சாமி"ன்னு சொன்னேன்.

எங்க அண்ணி வளர்மதிக்கு வாயி நீளம். ஒரு நா நான் கெளம்பறப்ப வாசல்ல நின்னுட்டு, "சண்டை போடப் போறவளுக்கு எதுக்கு அத்தனை மல்லிப்பூ?"ன்னா.

"பஸ்சுல டீசல் நாத்தம் அண்ணி."

"அப்ப பூவை மூக்குல வெச்சுக்க."

சிரிக்காதீங்க அம்மிணி, டிரைவர் திரும்பிப் பாக்கறாரு.

இப்படியே நல்லா நியாயம் கேட்டுட்டு இருந்தப்பத்தான் அந்த மனுசன் ஒரு காரியம் பண்ணிப்போட்டாரு. ஒரு வாரம் வெச்சிருந்து தர்றேன்னு லென்ஸை வாங்கினாரு. வாங்கி, யாரோ ரிப்பேர்காரங்ககிட்டக் குடுத்து, பிரிச்சு, ஒவ்வொரு கண்ணாடியாத் தொடச்சு, மாட்டிக் குடுத்துட்டாரு. "இப்பச் சந்தோசமா மேடம்? ஒண்ணுகூட இல்ல"ன்னாரு. லைட்டுல புடிச்சேன். இல்லீங்க. டார்ச்சு அடிச்சேன். இல்ல. கெணத்துத் தண்ணி மாதிரி இருக்குது. "சந்தோசமுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்சுல வர்றப்ப எனக்கு அழுகாச்சியா வருது. ஏன்னே தெரியல. காலையில சாப்பிடலை, அதனால இருக்கும்.

அப்புறம் மாசம் நகரலீங்க. சிலந்தி வந்து மேசையில நிக்கும், எடுக்கத் தோணாது. எடுத்து யாருகிட்டக் காட்ட? தெனம் லென்ஸை லைட்டுல புடிச்சுப் பாப்பேன். மூடி வெச்சே இருந்தா உள்ள பூஞ்சை புடிக்கும்னு சொல்லுவாங்கல்ல, அதனால களத்துல நார் காயப் போட்ட எடத்துல கொஞ்சம் தெறந்து காத்தாட வெச்சேன். முன்னும் பின்னும் நீட்டியும் பாத்தேன். அண்ணி பாத்துட்டு, "என்னடி, கோழிக்கு எரை போடற மாதிரி லென்ஸுக்குத் தூசி போடறே?"ங்கறா. அவளுக்கு டெக்னிக்கல் தெரியாதுங்க. அவ்வளவு பண்ணியும் ஒரு பொட்டுத் தூசி உள்ள போகல. அப்படித் தொடச்சு வெச்சிருக்காரு பாவி மனுசன்.

அப்பத்தான் எனக்குப் பல்லு வலி வந்துச்சு. நிச வலிங்க! அண்ணி நம்பல. நீங்களாச்சும் நம்புங்க. பொள்ளாச்சியில பல் டாக்டர் இல்லையான்னா, இருக்காங்க, தெருவுக்கு ரெண்டு பேரு இருக்காங்க. ஆனா பழக்கமான டாக்டர்கிட்டக் காட்டறதுதானே மொறை.

என்னையப் பாத்ததும் அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. "தூசியா?"ன்னாரு. எவ்வளவு ஆசையாக் கேட்டாருங்கறீங்க. "இல்லீங்க, பல்லு"ன்னேன். மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் நிசமாவே சொத்தை இருக்கறதைப் பாத்துட்டு, "அடடா, இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் இருந்தீங்க?"ன்னு சேர்ல சாய வெச்சு, ஊசி போட்டு, பஞ்சை அடைச்சு, வேலையை ஆரம்பிச்சாரு. பாதியில மிஷினை நிறுத்திட்டாரு.

"நான் ஒண்ணு கேக்கணும். நீங்க வாயைத் தெறந்து வெச்சிருக்கும்போதுதான் கேக்க முடியும். மூடினா சண்டைக்கு வருவீங்க."

நான் மேல இருக்கற லைட்டையே பாக்கறேன்.

"அந்த லென்ஸைத் தொடைக்கக் குடுத்தது நான் செஞ்ச முட்டாள்தனம். நீங்க வாறது நின்னுபோச்சு. இந்த டி.வி.யில வெறும் பல்லாப் பாத்துப் பாத்து... எனக்கு வயசு அம்பத்திரண்டு. சமைக்கத் தெரியும். சிலந்திக்குப் பயம் கிடையாது. என்னையக் கட்டிக்கிடுவீங்களா?"

நான் "ஆஆ"ன்னேன்.

ஸ்டெல்லா கையில இருந்த தட்டை அப்படியே கீழ போட்டுட்டா. எனாமல் தட்டா, சில்வர் தட்டா, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. வெளிய உக்காந்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க. அவரு கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு.

நான் சொன்னது வலிக்குதுன்னு! அம்மிணி, நீங்களே சொல்லுங்க, பல்லு சேர்ல சாஞ்சு கெடக்கறவ "ஆ"ன்னா அதுக்கு வேற அர்த்தம் உண்டா? ஊட்டுக்கு வந்த பொறகு போன் பண்ணி, "வலி இருக்கா?"ன்னாரு. "இல்ல"ன்னேன். "சேர்ல இருந்தப்ப?" "அப்பவும் இல்ல, மரத்துப் போயிருந்துச்சே." "அப்ப அந்த 'ஆ' என்னது?"ன்னாரு.

போனை வெச்சுட்டேன். வெச்சுட்டு, மரியாதையில்லாம வெச்சுட்டமேன்னு நானே மறுபடியும் போட்டேன். அன்னைக்கு ரெண்டு பேரும் பேசினது... அது கதைக்கு வேண்டாம். தூசியைப் பத்தி ஒண்ணும் பேசல.

அண்ணனுக்குச் சொன்னப்பத்தான் எல்லாம் நின்னுச்சு. அவரு கத்தல. கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. "நம்ம சனமும் இல்ல, நம்ம சாமியும் இல்ல. இந்த வயசுல. உனக்கு இங்க என்ன கொறை சாந்தாமணி?"ன்னாரு. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு கொறையும் சொல்ல வரல. அவரு என்னைய ஒரு நாளும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. ஆனா அன்னைக்குக் களத்துல போய் நாரு குவியலுக்குப் பின்னால நின்னு அழுதேன். யாராச்சும் கேட்டாக் கண்ணுல தூளு விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்னு அங்க போனேன். யாரும் கேக்கல. அண்ணி மட்டும் வந்து பக்கத்துல நின்னா. அந்த நீள வாயிக்காரி ஒரு வார்த்தை பேசல.

ரெண்டு வாரம் ஊட்டுல பேச்சில்ல. ஒரு நா காலையில அண்ணன் என்ற மேசையில இருந்த லென்ஸுப் பையைத் தூக்கிக் கார்ல போட்டாரு. "இந்தச் சனியனை அவன் மூஞ்சியில வீசிட்டு வந்தர்றேன். இதோட முடிஞ்சுது"ன்னு கெளம்பிட்டாரு. நான் பின்னாலயே ஓடினேன். அவரு நிக்கல. அன்னைக்குப் பூரா நானும் அண்ணியும் வாசல்லயே உக்காந்திருந்தோம். டாக்டருக்குப் போன் போட்டா எடுக்கல. அண்ணன் முரடு, கை நீளும்.

பொழுது சாய்றப்ப கார் வந்துச்சு. எறங்கறாரு அண்ணன். ஒரு கன்னம் இட்லிச் சட்டி மாதிரி வீங்கியிருக்குது. "ஐயையோ, டாக்டர் அடிச்சுட்டாரா?"ன்னு அண்ணி கத்தறா. அண்ணன் கையைக் கையை ஆட்டறாரு. வாயைத் தெறந்து காட்டறாரு. உள்ள பஞ்சு!

நடந்தது இதுதான் அம்மிணி. அண்ணனுக்குக் கடவாப் பல்லு ஒண்ணு பல வருசமா வலி. பயத்துல யாருகிட்டயும் காட்டாம ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்தாரு. அங்க போய் வாயைத் தெறந்து திட்ட ஆரம்பிச்சிருக்காரு. டாக்டர் தலையைச் சாச்சுச் சாச்சு வாய்க்குள்ளயே பாத்திருக்காரு. "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க, இன்னும் கொஞ்சம் பெருசாத் தெறந்து திட்டுங்க. அந்தக் கீழ்ப் பல்லு எத்தனை நாளா இப்படி?"ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு மேல அண்ணனால திட்ட முடியல. சேர்ல படுத்துட்டாரு.

வீக்கம் வத்தின பொறகு ஒரு நா காலையில முறுக்கு எடுத்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கடிச்சாரு. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாமப் பாத்துட்டு இருக்கோம். முழுங்கிட்டு, செவுத்தைப் பாத்துச் சொன்னாரு: "வலிக்கவே இல்ல. மனுசன் கை சுத்தம்." அப்புறம் கொஞ்ச நேரங் கழிச்சு, "எந்தச் சாமியும் பல்லு வலிக்கு வந்து நிக்கல. நாள் பாத்துக்கங்க"ன்னு எந்திரிச்சு மில்லுக்குப் போயிட்டாரு.

அண்ணி என்னையக் கட்டிப் புடிச்ச புடியில என்ற கண்ணாடி வளையல் ரெண்டு ஒடஞ்சு போச்சு. இன்னொண்ணு தெரியுமுங்களா? அண்ணன் லென்ஸை வீசவே இல்ல, பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. கார் ஜன்னலைத் தெறந்து விட்டுட்டு வந்திருக்காரு. நான் எடுத்து லைட்டுல புடிச்சேன். ஓரத்துல ஒண்ணு. ஒரே ஒண்ணு. தூசி! "வந்துருச்சுங்க, வந்துருச்சு!"ன்னு உடனே டாக்டருக்குப் போன் போட்டேன். "வாங்க, வாங்க, கொண்டு வாங்க"ன்னு அவரும் கத்தறாரு.

இன்னைக்குத்தான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து. ஆமாங்க, எனக்கேதான்! நோட்டீஸ் போட்டு மாசம் ஆச்சு. அண்ணனும் அண்ணியும் கார்ல முன்னாலயே போயிட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. மாட்டேன்னுட்டேன். இத்தனை நாளும் அவரைப் பாக்க இந்தப் பஸ்சுலதான் போனேன், இன்னைக்கும் இதுலயேதான் போவேன். அவரைப் பாக்கன்னா... லென்ஸைக் காட்ட.

இருங்க, போன் அடிக்குது. ஸ்டெல்லா! சொல்லு சாமி... என்னது? படியிலயா? எந்தக் காலு? ஐயோ... வீங்கிருச்சா? வராதே, வராதே, அசையாம உக்காரு. டாக்டருக்குச் சொல்லிட்டியா?... அவரு என்ன சொன்னாரு?... சரி, சரி. அழுகாதே, நான் பாத்துக்கறேன்.

கெரகத்தைப் பாருங்க அம்மிணி, காலு சுளுக்கிருச்சாம். சாட்சிக்கு மூணு பேரு வேணும். அண்ணன், அண்ணி, ஸ்டெல்லான்னு கணக்கு. இப்ப ஒரு ஆளு கொறையுது. ஆபீசரு மூணு இல்லாமக் கையெழுத்து வாங்க மாட்டாரு. உக்கடம் மேம்பாலம் தெரியுது. அதா, அதா, பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒசரமா நிக்கறாரு பாருங்க, பட்டு வேட்டி, ஒரு கையில குடை, ஒரு கையில வேட்டியைப் புடிச்சுட்டு. நம்ம பஸ்சைக்கூடப் பாக்கல, வேற பஸ்சுக்குக் கையாட்டறாரு!

உங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்கல்ல? ஆதார் கார்டு வெச்சிருக்கீங்களா? ஒரே ஒரு கையெழுத்து. அப்புறம் வாழை எலையில சாப்பாடு. வேலைக்கு லேட்டாகும்னா, பல் டாக்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க, பொய்யில்லையே! வாங்க, வாங்க, எந்திரிங்க, பையை நான் புடிச்சுக்கறேன்.

ஐயோ, பொள்ளாச்சியில இருந்து நானே பேசிட்டு வந்திருக்கேன். சாட்சி யாருன்னு அவரு கேட்டா நான் என்ன சொல்றது? உங்க பேரென்ன அம்மிணி?